தாராசுரமும் வரலாற்று அளவையும்

நூலாராய்வார் நூலையும், கல்வெட்டாராய்வார் கல்வெட்டையும், சிற்பமாராய்வார் சிற்பத்தையும் தனித்தனியே கைக்கொண்டு, தத்தம் முடிபே முடிந்த முடிபு எனக் கூறிவருதல் ஆராய்ச்சியுலகில் நெடுநாளாக உள்ள வழக்கு. இதனால் விளையும் இடர் சிறிதன்று. ஒருவர் பெரியபுராணத்தை வெறுங்கதை என்பர். மற்றொருவர் அதன் ஒவ்வோர் அடியும் நிகழ்ச்சிக் குறிப்பே என்பர். பிறிதொருவர் அடியார் வரலாறெல்லாம் அரசர் தம் ஆட்சியை நிலைநிறுத்தற்குப் பரப்பிய உரையே என்பர். மூவரும் சான்று காட்டுவர். சான்றின் எல்லை இதுவென ஆராய்வார் சிலரே. பல துறையறிவும் ஒருங்குகூடி ஒரு பொருளை ஆராய்தற்கு வேண்டும் முறைமை சைவ சித்தாந்த அளவை நூலில் அமைந்து கிடக்கின்றது என்பதும், தாராசுரத் திருக்கோயில் அதற்குத் தக்க இலக்கியமாக விளங்குகின்றது என்பதும் ஈண்டு விளக்கப்படும்.

தாராசுரம், கும்பகோணத்துக்கு மேற்கே, அரசலாற்றின் பக்கத்தே, நெற்கழனிகள் சூழ அமைந்தது. சோழரது பழைய இருக்கையாகிய பழையாறைக்கு அணித்து. கி. பி. 1146-இல் ஆட்சியாண்டு தொடங்கிய இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த இத்தளி, கல்வெட்டுக்களில் இராசராசேச்சுரம் எனப்படும். இராசராசபுரம் என்னும் ஊர்ப்பெயரே நாளடைவில் மருவித் தாராசுரம் என வழங்கலாயிற்று. இன்று ஐராவதேசுவரர் கோயில் எனப் பெயர் பெறும் இதன் முன்மண்டபம், உருளையும் குதிரையும் பூண்ட தேர்போல அமைந்து, இராசகம்பீரன் திருமண்டபம் என அரசன் பெயரே தாங்கி நிற்கின்றது. தஞ்சைப் பெரியகோயிலோடு கங்கைகொண்ட சோழபுரத்தையும் இதனையும் சேர்த்து, 2004-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. சிறப்பு இவ்வாறாக, இக்கோயில் ஆராய்ச்சியாளர்க்குக் கற்பிப்பது யாது என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளாம்.

அளவை மூன்று

அளவைகளைப் பத்தென விரிப்பாரும் உளர். அருணந்தி சிவாசாரியர் தம் சிவஞான சித்தியாரில் அவற்றையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். மாசற்ற காட்சியாவது ஐயமும் திரிபும் நீங்கியது. கருதலாவது ஏதுவைக்கொண்டு மறைந்த பொருளைத் துணிவது. உரையாவது உண்மையுணர்ந்தார் கூறியது. இம்மூன்றும் கருவிகளே, இவற்றைக் கருவியாகக் கொண்டு அறிவது ஆன்மாவின் சிற்சத்தியே என்பது சித்தாந்தத் துணிபு. ஆதலின் கல்லும் ஏடும் தாமாக எதனையும் கூறா. அறிவான் ஒருவன் வேண்டும். அவன் அறிவும் விருப்பு வெறுப்புக்களால் மறைப்புண்ணாதிருத்தல் வேண்டும்.

இதனை வரலாற்றாராய்ச்சிக்குப் பொருத்திக் காண்க. கண்முன் நிற்கும் சிற்பமும், எழுத்துத் தேயாத கல்வெட்டும் காண்டற்கு உரியன. அவற்றின் காலம், நோக்கம், ஒன்றற்கொன்று உள்ள தொடர்பு ஆகியவை கருதற்கு உரியன. திருமுறையும் புராணமும் உரையின்பாற் படுவன. ஒவ்வொன்றும் தன் எல்லையுள் வலியுடையது; எல்லை கடந்தவழி மெலிவடைவது. பல துறையாராய்ச்சி என்பது இவ்வெல்லைகளை அறிந்து ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்புதலன்றி, எல்லாவற்றையும் ஒருங்கே கலந்து குழப்புதல் அன்று.

வாயில் காவலர் கூறும் செய்தி

இதற்கு முதற்கண் ஓர் எளிய சான்று காட்டுதும். தாராசுரத்திற் கிடைத்து, இப்பொழுது தஞ்சைக் கலைக்கூடத்தில் வைக்கப்பெற்றுள்ள துவாரபாலர் திருவுருவம் ஒன்றுண்டு. விசயராசேந்திர தேவர் கல்யாணபுரத்தை எறிந்து அங்கிருந்து கொண்டுவந்தது அவ்வுருவம் என அதன் பீடத்து எழுத்துக் கூறும். விசயராசேந்திரன் என்பான் முதலாம் இராசாதிராசன். கல்யாணபுரம் மேலைச் சளுக்கியர் தலைநகர். அவ்வெற்றி 11-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது. இவ்வெழுத்து அரசன் தன் வெற்றியைத் தானே பறைசாற்றுவதாகலின், ஐயுறுவார் ஐயுறலாம். ஆயின் சிற்ப நூல் வல்லார் அவ்வுருவத்தின் அணிகலனையும் அமைப்பையும் நோக்கி, இது சோழநாட்டுக் கைவேலையன்று, சளுக்கிய நாட்டுக் கைவேலையே எனத் துணிந்தனர். எழுத்தும் உருவமும் ஒன்றையொன்று வலியுறுத்தவே ஐயம் நீங்கிற்று.

இனி, இவ்வுருவம் தாராசுரத்திற் கிடைத்தமையால் இராசாதிராசன் இதனைத் தாராசுரத்திலேயே நிறுத்தினான் எனக் கருதுதல் கூடுமோ? கூடாது. அவன் 1054-ஆம் ஆண்டை ஒட்டிக் கொப்பத்துப் போரில் உயிர்துறந்தான். தாராசுரக் கோயில் எழுந்தது அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னர். எனவே அவ்வுருவம் முதலில் வேறோரிடத்தே நின்று, பின்னர் இங்கு வந்தது என்பது கருதலளவையாற் பெறப்படும். கண்டதனை மட்டும் கொண்டார் இடத்திற் பிழைப்பர். எழுத்தை மட்டும் கொண்டார் காலத்திற் பிழைப்பர். இரண்டையும் கூட்டியவழியே உண்மை புலப்படும்.

அக்கொப்பத்துப் போரே அரசியல் உரையின் இயல்பையும் நன்கு காட்டுவது. இராசாதிராசனுக்குப் பின் முடிசூடிய இரண்டாம் இராசேந்திரனது மெய்க்கீர்த்தி அப்போரைச் சோழர் பெருவெற்றியாகப் பாடும். சளுக்கியர் சாசனமோ, சோழன் அங்குத் தலையிழந்தான் என்று கூறும். இவ்விரண்டனுள் ஒன்று மெய், மற்றொன்று பொய் எனக் கொள்ளற்க. பிற்காலச் சோழர் கல்வெட்டுக்களே விசயராசேந்திரனை ஆனைமேல் துஞ்சின தேவர் என வழங்குதலின், அவன் களத்தில் இறந்ததும் மெய். தம்பி அக்களத்திலேயே முடிசூடிப் போரை நடத்தியதும் மெய். மெய்க்கீர்த்தி பொய் கூறிற்றிலது. கூற வேண்டாததை விடுத்தது. அரசியல் உரையின் இலக்கணம் இதுவே. அது பெரும்பாலும் மறைத்தலாற் பிழைபடுவதன்றிப் புனைதலாற் பிழைபடுவதன்று. ஆதலின் இருபாலார் கூற்றையும் எதிரெதிர் வைத்து நோக்குவார்க்கே அது பயன்படும்.

தொண்டர் வரிசை

இனித் தாராசுரத்தின் தலைசிறந்த செல்வத்தைக் காண்போம். இறைவன் கோயிலின் அடித்தளத்தைச் சூழ, சிறிய சிறிய கற்பலகைகளில் திருத்தொண்டர் வரலாறுகள் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. பலவற்றின்மேல் சோழர்காலத் தமிழெழுத்தில் விளக்கமும் பொறிக்கப்பெற்றுள்ளது. காலத்தாற் சில எழுத்துக்கள் தேய்ந்துபோயினும் எஞ்சியவை அரிய கருவூலமாம். பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பெருமான் அநபாயன் எனப்படும் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர். இக்கோயில் எடுப்பித்தவன் அவன் மகன். எனவே புராணத்துக்கும் சிற்பத்துக்கும் இடையே ஒரு தலைமுறை அளவே இடையீடு.

இதுகொண்டு, சிற்பி சேக்கிழார் நூலை நோக்கியே செதுக்கினான் என ஒருதலையாகத் துணிவார் உளர். காலம் அணித்தென்பது மட்டும் அதற்குப் போதிய ஏதுவாகாது. திருத்தொண்டத்தொகை சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளியது. அதனை நம்பியாண்டார் நம்பி திருத்தொண்டர் திருவந்தாதியில் விரித்தார். சேக்கிழார் அதனினும் விரித்தார். இவற்றுள் எதனைச் சிற்பி கொண்டான் என்று துணிய வேண்டின், சேக்கிழார் நூலில் மட்டும் காணப்பட்டு முன்னை நூல்களிற் காணப்படாத செய்தியைத் தேர்ந்துகொண்டு, அது கல்லில் உளதோ என நோக்குதல் வேண்டும். திருநாளைப்போவார் ஆதனூரினர் என்பதும், தில்லை மூவாயிரவர் கைகூப்ப முனிவரானார் என்பதும் அந்தாதியிலேயே உள்ளன; திருப்புன்கூரில் நந்தி விலகிய செய்தி அந்தாதியில் இல்லை, புராணத்தில் உண்டு. இவ்வாறு நூலோடு நூலை வைத்து வேறுபாடு கண்ட பின்னரே கல்லினிடம் செல்லுதல் முறை. நூலறிவில்லாச் சிற்ப ஆராய்ச்சி, விடையறியாதான் வினாவை ஒக்கும்.

சேக்கிழாரே இவ்வரலாறுகளைப் படைத்துக்கொண்டார் என்று கூறுவார்க்குத் தஞ்சைப் பெரியகோயில் விடை கூறுகின்றது. அக்கோயிலின் உட்சுற்றில் நாயக்கர்காலத்து ஓவியப்பூச்சின் அடியே முதலாம் இராசராசன் காலத்து ஓவியங்கள் மறைந்து கிடந்தன. 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எசு. கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். பின்னர் இரசாயன நூல் வல்லார் மேற்பூச்சைப் பக்குவமாக நீக்க, அடியிலிருந்த ஓவியங்கள் வெளிப்பட்டன. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாறும், அவர் வெள்ளானைமீது சேரமான் பெருமாளோடு திருக்கயிலைக்கு எழுந்தருளிய காட்சியும் அங்குத் தீட்டப்பெற்றுள்ளன. அவை சேக்கிழார்க்கு ஒரு நூற்றாண்டின் முற்பட்டவை. மேலும், அக்கோயிற் கல்வெட்டுக்கள் நம்பியாரூரர், நங்கைபரவையார், திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தர், சிறுத்தொண்டர், சீராளர் முதலியோரின் செப்புத் திருமேனிகள் எழுந்தருளுவிக்கப்பெற்ற செய்தியையும் கூறுகின்றன. புராணம் எழுதப்படுமுன்னரே வரலாறு நாட்டில் வழங்கிற்று என்பது இவற்றாற் காட்சியளவையாகவே நிறுவப்பட்டது. இது நிறுவப்படுதற்கு ஓவிய நூலும் இரசாயன நூலும் கல்வெட்டு நூலும் ஒருங்கு துணைசெய்தமை நோக்குக.

எனினும் கல்லின் எல்லையையும் மறவாதிருத்தல் வேண்டும். தாராசுரப் பலகைகளுள் ஒன்று, அவிநாசியில் முதலையுண்ட பிள்ளையைச் சுந்தரர் மீட்ட வரலாற்றைக் காட்டுவது. சுந்தரர் அவிநாசிப் பதிகத்தில், முதலை பிள்ளையைத் தருமாறு இறைவனிடத்து வேண்டியமை அவர்தம் திருவாக்காகவே உள்ளது; சேக்கிழார் அதனை முன்பின் நிகழ்ச்சிகளோடு விரித்துரைத்தார்; சிற்பி அதனைக் கல்லிற் காட்டினான். இம்மூன்றனுள் ஒவ்வொன்றும் நிறுவுவது யாது? கல் நிறுவுவது, 12-ஆம் நூற்றாண்டில் இவ்வரலாறு அரசன் கோயிலிற் செதுக்கும் அளவுக்கு நிலைபெற்றிருந்தது என்பது. பதிகம் நிறுவுவது, அதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே அடியார் அத்தலத்தில் இவ்வேண்டுகோளை விடுத்தார் என்பது. பிள்ளை மீண்டது உரையளவையால் அன்பர் தெளிவது. சிற்பம் உண்டு, ஆதலின் நிகழ்ச்சி உண்டு எனக் கூறும் அன்பரும், நிகழ்ச்சியைக் கல் நிறுவவில்லை, ஆதலின் அது பொய் எனக் கூறும் மறுப்பாளரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் காண்டற்கு உரியதல்லாத ஒன்றைக் காண்டலின்மேல் ஏற்றுகின்றனர்.

இன்மை என்னும் ஏது

இல்லாமையைக் கொண்டு ஒன்றைத் துணிதலும் கருதலளவையின் ஒரு வகையே. அதனை அநுபலத்தி என்பர். குளிர் இல்லாமை கண்டு பனி இல்லை எனத் துணிதல் போல்வது அது. வரலாற்றாராய்ச்சியில் மிகுதியும் பிழைக்கப்படும் அளவை இதுவே. ஒரு பொருள் உளதாயின் இவ்விடத்துக் கட்டாயம் காணப்படும் என்னும் நியதியுள்ளவிடத்து மட்டுமே காணாமை ஏதுவாகும். எழுத்துத் தேய்ந்த பலகையில் ஒரு பெயர் காணப்படாமை எதற்கும் ஏதுவாகாது.

தாராசுரத்தின் வடபால் திருச்சுற்றில் நூற்றெட்டுச் சைவாசாரியர் உருவங்கள் பெயர்க்குறிப்போடு பொறிக்கப்பெற்றுள்ளன. அறுபத்துமூவர்க்கு வாய்த்த பெரியபுராணம் போல்வதொரு நூல் அவர்க்கு வாய்த்திலது. ஆயின் நூலில் இல்லாமை கொண்டு அவர் சிறப்பிலர் எனக் கூறுதல் எங்ஙனம் அமையும்? கல் இல்லையேல் அவர் பெயரும் இன்று நமக்கு எட்டியிராது. நூலால் நிலைபெற்றாரும் உளர். கல்லால் நிலைபெற்றாரும் உளர். இரண்டும் இன்றி மறைந்தார் எண்ணிலர். ஆராய்ச்சியாளர்க்கு அடக்கத்தைக் கற்பிப்பது அவ்வாசாரியர் வரிசையே.

அரசியல் உரையும் அடியார் தொகையும்

இக்காலத்து வரலாற்றாசிரியர் சிலர், சோழர் கோயிலெடுத்ததும் அடியாரைச் சிறப்பித்ததும் தம் ஆட்சியை மக்கள் உள்ளத்தில் வேரூன்றச் செய்தற்கே என்பர். இதனை முற்றும் புறக்கணித்தல் நடுநிலையாகாது. கோயிற்கு இராசராசேச்சுரம் எனத் தன் பெயரையே அரசன் இட்டான். மண்டபமும் அவன் பெயர் பூண்டது. சேக்கிழாரும் தம் நூலிற் பலவிடத்து அநபாயனைச் சிறப்பித்தனர். விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர்க்கும் உலாப் பாடிய ஒட்டக்கூத்தரும் அவ்வவையினரே. கோயிலும் பாட்டும் அரசனுக்குப் புகழ் தந்தன என்பது மறுக்கொணாதது.

ஆயின் புகழ் தந்தது என்பது வேறு. புகழின் பொருட்டே தோன்றியது என்பது வேறு. முன்னதிலிருந்து பின்னதைத் துணிதல் அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாம். அன்பினால் எடுத்த கோயிலும் புகழ் தரும். புகழ் விரும்பி எடுத்த கோயிலும் புகழ் தரும். இரண்டிடத்தும் ஒப்பச் செல்லும் ஏது ஒன்றனை நிறுவமாட்டாது.

அதுவேயுமன்றி, அரசியல் நோக்கு மட்டுமே கொண்டார் விளக்கவொண்ணாத செய்தி ஒன்று அவ்வடித்தளத்திலேயே உள்ளது. அடியாரை எண்ணிய தொகை திருவாரூரிற் பிறந்தது. விசயாலயன் 9-ஆம் நூற்றாண்டில் தஞ்சையைக் கைப்பற்றிப் பிற்காலச் சோழராட்சியைத் தொடங்குதற்கு முற்பட்டது. அத்தொகையில் கோச்செங்கட் சோழர், புகழ்ச்சோழர், மெய்ப்பொருளார், சேரமான் பெருமாள், கழற்சிங்கர் முதலிய அரசரும் உளர். குயவராகிய திருநீலகண்டரும், வண்ணாராகிய திருக்குறிப்புத்தொண்டரும், நெய்தற்றொழிலினராகிய நேசரும், நுளையராகிய அதிபத்தரும், வேடராகிய கண்ணப்பரும், புலையராகிய திருநாளைப்போவாரும் உளர். அரசர் அங்கு அரசராக எண்ணப்படாமல் அடியாராகவே எண்ணப்பட்டனர்.

அத்தொகையுள் விசயாலயன் வழிவந்த சோழர் ஒருவரேனும் பெயர்பெற்றிலர். கண்டராதித்தர் திருவிசைப்பாப் பாடியவர். ஆயினும் அறுபத்துமூவருள் அவர் இலர். முதலாம் இராசராசன் திருமுறை கண்டவன் எனப் போற்றப்படுபவன். பெரியபெருமாள் என்னும் பெயரால் அவன் திருவுருவம் தஞ்சைக் கோயிலில் எழுந்தருளுவிக்கப்பெற்றமையும் கல்வெட்டிற் காணப்படும். ஆயினும் தொகையுள் அவனும் இலன். ஈண்டு இன்மை தக்க ஏதுவேயாம், என்னை? எண்ணி முடிந்த தொகையாகலின், உளதாயின் காணப்படல் வேண்டும் என்னும் நியதி ஈண்டு உண்டு. கங்கையும் கடாரமும் கொண்ட மரபினர் தம் கோயிலில், தம் பொருளால், தம் சிற்பியரைக் கொண்டு செதுக்குவித்த வரிசையில், தம் குலத்தார் ஒருவரைப் புதிதாகச் சேர்த்திலர். அவ்வரிசையை ஆக்குதலும் மாற்றுதலும் தம் ஆணைக்கு உட்பட்டன அல்ல என அவர் ஒப்பினர் என்பது இதனாற் போதரும். பிற்காலத்தடியார்க்கும் இடமளித்து, அப்பாலும் அடிசார்ந்தாரைத் தொகையடியாராகச் சுந்தரர் கூறியருளினார். அவ்விடத்தும் பெயரின்றியே நுழைதல் கூடும்.

காலமும் வரலாறும்

செருமானிய நாட்டுத் தத்துவ அறிஞர் ஹெகல், 1822 முதல் வரலாற்றுத் தத்துவம் பற்றி நிகழ்த்திய விரிவுரைகளில், இந்தியர்க்கு வரலாறு இல்லை என்று கூறினார். அவ்வுரைகள் 1837-இல் நூலாக வெளிவந்தன. இந்நாட்டுக் கல்வெட்டுக்கள் முறையாகத் தொகுக்கப்படுமுன் கூறிய கூற்று அது. பின்னர்ப் படியெடுக்கப்பெற்ற பல்லாயிரம் கல்வெட்டுக்கள் அதனை மறுத்தன. ஆயின் அவர் கூற்றினும் ஆழ்ந்து நோக்கற்குரியது அதன் அடிப்படை. உலகப் பேரறிவு அரசுகளின் எழுச்சி வீழ்ச்சி வாயிலாகக் காலத்தில் தன்னை வெளிப்படுத்துகின்றது என்பது அவர் கொள்கை. அரசே வரலாற்றின் உறுப்பு என்று கொண்டார்க்கு அடியார் வரலாறு வரலாறாகத் தோன்றாமை இயல்பே.

சித்தாந்தம் காலத்தைத் தத்துவங்களுள் ஒன்றாக வைத்து எண்ணும். அது சடம், தானே ஒன்றைச் செய்வதன்று, இறைவன் சத்தியாற் செலுத்தப்படுவது. சென்ற காலத்திற்கு எல்லையும், நிகழ் காலத்திற்குப் பயனும், எதிர் காலத்திற்குப் புதுமையும் வகுப்பது அதன் தொழில். உலகு மெய்ப்பொருள் என்பது சித்தாந்தமாகலின், காலத்தில் நிகழ்வன கனவென்று தள்ளப்படா. காலம் சடமாகலின், அதுவே கடவுளென்று தொழப்படவும் மாட்டாது. இவ்விரண்டற்கும் நடுவே வரலாற்றாராய்ச்சிக்கு உரிய இடம் அமைகின்றது. எல்லையறிதல் கல்வெட்டு நூலின் பணி. பயனறிதல் நூலாராய்ச்சியின் பணி. இரண்டையும் உணர்ந்து மேற்செல்லுதல் கற்றவர் கடன்.

இந்நெறியிற் சென்ற முயற்சிகள் இல்லாமலில்லை. மா. இராசமாணிக்கனார் தம் பெரியபுராண ஆராய்ச்சியிற் கல்வெட்டுக்களைப் புராணத்தோடு ஒப்புநோக்கினார். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் பிற்காலச் சோழர் சரித்திரத்தில் மெய்க்கீர்த்தியையும் இலக்கியத்தையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்தார். 1987-இல் பிரெஞ்சுத் தூரகீழ்த்திசைக் கழகம் தாராசுரத்தைப் பற்றியே ஒரு பெருநூல் வெளியிட்டது. அதில் கல்வெட்டுப் பகுதியை பி. ஆர். சீனிவாசனும், கட்டடப் பகுதியை ழாக் துமார்சேயும், திருவுருவப் பகுதியை பிரான்சுவாசு லெர்னோவும் எழுதினர். மூவர் மூன்று துறையால் ஒரு கோயிலை ஆராய்ந்தமை, பல துறையறிவும் கூடுதற்கு நல்ல எடுத்துக்காட்டாம். இன்னும் வேண்டுவது, திருமுறையும் அளவை நூலும் வல்லார் அக்கூட்டத்தில் நான்காமவராக அமர்தல். நெல்லளவும் நிலவளவும் அறிந்த உழவரும் அதற்குத் துணையாவர். வேலி, மா, குழி, கலம் என்னும் சொற்கள் கல்வெட்டெங்கும் நிறைந்திருக்க, கழனியறியாதார் அவற்றின் அளவைப் படித்தலன்றிப் பொருளை உணரார்.

தாராசுரத்தின் அடித்தளத்தே செதுக்கப்பெற்ற பலகைகள் சிறியன. குனிந்து நோக்குவார்க்கே புலப்படுவன. விமானத்தை அண்ணாந்து நோக்குவார் அரசன் பெருமையைக் காண்பர். இரண்டும் ஒரு கோயிலே. மேலே கண்டதைக்கொண்டு கீழுள்ளதை மறுத்தலும், கீழே கண்டதைக்கொண்டு மேலுள்ளதை மறைத்தலும் அளவை நெறியாகா. காண்டலைக் காண்டலாகவும், கருதலைக் கருதலாகவும், உரையை உரையாகவும் வைத்து, ஒவ்வொன்றற்கும் உரிய மதிப்பை உரியவாறு அளிப்பவரே வரலாறு கூறத் தக்கவர் என்க.